தூளியும் செவிக்கல்லும்

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில், அது கோட்டைக்குப்பமானாலும் சரி, கூனங்குப்பமானாலும் சரி, பகற்பொழுதில் ஒரு வீட்டுத் திண்ணையில் சற்று நேரம் உட்கார்ந்திருப்பவர் ஒரு காட்சியைக் காணாமல் திரும்புவது அரிது. உத்தரத்திலிருந்து ஒரு பழஞ்சேலைத் தூளி தொங்கும். அதில் கட்டிய சிறு கயிற்றைக் கால் பெருவிரலில் மாட்டிக்கொண்டு, கைகளால் இறாலுக்குத் தலை கிள்ளியபடியே, காலால் மட்டும் பேரப்பிள்ளையை ஆட்டிக்கொண்டிருப்பார் ஒரு பாட்டி. படகு கரை சேரும் நேரத்துக்குக் கூடையோடு ஏலத்துக்குப் போயாகவேண்டிய தாய்க்குக் குழந்தையின் உறக்கம் என்பது வெறும் ஓய்வு நேரமன்று; அன்றைய வருமானத்தில் ஒரு பங்கு அதைப் பொறுத்தே இருக்கிறது. ஆகவே, பிள்ளையை விரைவில் தூங்கவைக்கும் வித்தையில் இக்கரைப் பெண்களுக்குள்ள அனுபவம் சாமானியமானதல்ல.

ஆயினும் அந்தப் பாட்டியிடம், மடியில் அயர்ந்து உறங்கிவிட்ட குழந்தை, பாயில் கிடத்திய மாத்திரத்தில் முள் தைத்தாற்போல் வீறிட்டு எழுவானேன் என்றும், அதே குழந்தை ஆடுகிற துணிக்குள் அசையாது உறங்குவதெப்படி என்றும் கேட்டால், “பிள்ளைன்னா அப்படித்தான்” என்று சொல்லிச் சிரித்துவிடுவார். யோசித்துப் பார்த்தால் இது விசித்திரமாகவே தோன்றும். உறங்குகிறவரை எழுப்ப வேண்டுமானால் நாம் என்ன செய்கிறோம்? தோளைப் பிடித்து அசைக்கிறோம். அசைவு எழுப்புவதற்குரிய கருவியாக இருக்க, அதே அசைவு தூளியில் மட்டும் நித்திரைக்குக் காரணமாவது எங்ஙனம்?

இதற்கு விடையின் முதற்பாதியை, அந்தப் பாட்டியின் முறத்திலேயே தேடலாம். இறாலோடு வலையில் ஏறும் கத்தாழை, பன்னா முதலிய மீன்களின் தலையைப் பிளந்து பார்த்தவர்களுக்கு, அதற்குள் பீங்கான் துண்டு போன்ற இரண்டு வெண்கற்கள் இருக்கும் சங்கதி தெரியும். குழம்பிலிட்ட தலையைக் கடிக்கும்போது பல்லில் தட்டுப்படுவதும் அதுவே. ஏரியின் அடியிலிருந்து கிளிஞ்சல் அள்ளிச் சுண்ணாம்பு சுட்டவர்கள் இந்தப் பகுதியில் உண்டு. அக்கிளிஞ்சல் எந்தப் பொருளாலானதோ அதே கால்சியம் கார்பனேட்டால்தான் இந்தக் கல்லும் ஆனது. இதற்குச் ‘செவிக்கல்’ என்று பெயரிடுவோம்; ஏனெனில் இது மீனின் உட்செவியில் அமைந்திருக்கிற உறுப்பு.

மீனுக்கு இந்தக் கல் எதற்கு? நின்றிருக்கும் படகை யாரேனும் எதிர்பாராமல் முன்னே தள்ளினால், அதில் நின்றுகொண்டிருப்பவர் பின்னே சாய்கிறார் அல்லவா? படகு நகர்ந்துவிடுகிறது, அவருடைய உடலோ பழைய இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. அவ்வாறே மீன் முன்னே பாயும்போது, சுற்றியுள்ள தசையைக் காட்டிலும் கனமான அந்தக் கல் ஒரு கணம் பின்தங்குகிறது. அதன் அடியில் மயிரிழைபோல் நிற்கும் நுண்ணிய உணர்விழைகள் வளைகின்றன. வளைந்த செய்தி நரம்பு வழியே மூளைக்குப் போகிறது. மேலெது கீழெது, உடல் எந்தத் திசையில் எவ்வளவு விரைகிறது என்பனவெல்லாம் கலங்கிய நீரிலும் நள்ளிரவிலும் மீனுக்குத் தெரிவது இதன் உதவியால்தான்.

நம்முடைய செவிக்குள்ளும் இந்த ஏற்பாடு இருக்கிறது. ஒற்றைக் கல்லாக இல்லாமல், கூழ் போன்ற ஒரு படலத்தின்மீது தூவிய ஆயிரக்கணக்கான பொடிப்படிகங்களாக, ஒவ்வொரு காதிலும் இரண்டு சிறு பைகளுக்குள் அது அமைந்திருக்கிறது. தலை சுழலுவதை அறிய மூன்று அரைவட்டக் குழாய்கள் தனியே உண்டு. முன்னும் பின்னும், மேலும் கீழும் நேராக அசைவதை அறிவது செவிக்கற்களின் தொழில். இவ்விரண்டும் சேர்ந்ததைச் சமநிலைப் புலன் என்று சொல்லலாம். கண், காது, மூக்கு, நாக்கு, மெய் என்று ஐந்தோடு நிறுத்திக்கொண்ட கணக்கில் இதற்கு இடம் கிடைக்கவில்லை என்பது ஒரு துரதிர்ஷ்டம். கர்ப்பகாலத்தின் பாதியிலேயே உட்செவி ஏறக்குறைய அதன் முழு அளவை எட்டிவிடுகிறது. ஆகவே தாய் குடத்தோடு நடந்ததையும், கூடையோடு மணலில் ஏறியிறங்கியதையும் கருவிலிருந்த சிசு மாதக்கணக்கில் அனுபவித்தே பிறக்கிறது. அசைவில்லாத பாய்தான் அதற்குப் புதிது.

இதெல்லாம் கேட்க இனிமையாக இருக்கிறது, நிரூபணம் எங்கே என்று வாசகர் கேட்பது நியாயமே. தூளியில் அசைவு மட்டுமா இருக்கிறது? துணியின் அணைப்பு இருக்கிறது, கதகதப்பு இருக்கிறது, பாட்டியின் குரல் இருக்கிறது. இவற்றுள் தூங்கவைப்பது எது என்பதைப் பிரித்தறிய வேண்டுமானால், மற்றவை யாவும் இருக்க, அசைவை அறியும் புலன் மட்டும் இல்லாத ஓர் உயிர் வேண்டும். ஸ்விட்ஸர்லாந்தின் லோஸான் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் அத்தகைய உயிரைச் சுண்டெலிகளில் கண்டார்கள். பிறவியிலேயே செவிக்கற்கள் வேலை செய்யாத ஒரு சுண்டெலி வகை உண்டு. அவற்றையும் சாதாரண எலிகளையும் ஒரே மாதிரி ஆடும் கூண்டில் வைத்தபோது, சாதாரண எலிகள் முன்னிலும் விரைவில் உறங்கின, அதிக நேரமும் உறங்கின; செவிக்கல் பழுதுற்றவையோ, ஆட்டினாலும் ஆட்டாவிட்டாலும் ஒரேபோலத்தான் உறங்கின. 2019-ல் வெளியான இந்தச் சோதனை, தாலாட்டின் தாக்கம் தோலின் வழியாகவோ கண்ணின் வழியாகவோ அன்றிச் செவிக்கல்லின் வழியாகச் செல்கிறது என்பதைக் காட்டிற்று.

மனிதரிடமும் சோதனை நடந்திருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், குழந்தைகளிடம் அல்ல, வளர்ந்த ஆண்களிடம். ஜெனீவாப் பல்கலைக்கழகத்தார் 2011-ல் ஒரு கட்டிலையே தொங்கவிட்டு, இளைஞர்களை அதில் பிற்பகலில் 45 நிமிஷம் உறங்கச் செய்து, தலையில் மின்வாய்களைப் பொருத்தி மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தார்கள். கட்டில் நான்கு வினாடிக்கு ஒரு முறை போய்வந்த நாட்களில் அவர்கள் விரைவாகவே உறக்கத்தில் ஆழ்ந்தார்கள். ஆழ்ந்த நித்திரைக்கு அடையாளமான மெதுவான பேரலைகளும் மிகுந்தன. பின்னர் 2019-ல் 18 பேரை இரவு முழுவதும் ஆட்டிப் பார்த்தபோது, ஆழ்ந்த உறக்கம் நீண்டதோடு, மாலையில் மனப்பாடம் செய்த சொற்களும் காலையில் அதிகமாக நினைவுக்கு வந்தன. செவிக்கல்லிலிருந்து ஒழுங்கான தாளத்தில் வந்து சேரும் செய்தி, மூளை அலைகளையும் அந்தத் தாளத்துக்கு இசைய வைக்கிறது என்பது அவர்கள் கருத்து. தோளைப் பிடித்து உலுக்குவதற்கும் தூளியை ஆட்டுவதற்கும் உள்ள பேதம் இங்கேதான் இருக்கிறது. முன்னது எதிர்பாராதது, தாளமற்றது. பின்னதிலோ அடுத்த அசைவு எப்போது வரும் என்பது முன்பே தெரிந்துவிடுகிறது, எனவே மூளை காவலிருக்க வேண்டியதில்லை.

அந்தத் தாளத்தை நிர்ணயிப்பவர் யார்? பாட்டி என்று நினைப்போம். உண்மையில் அதை நிர்ணயிப்பது கயிறு. தொங்கும் தூளி ஓர் ஊசல். ஊசல் ஒரு முறை போய்வர எடுக்கும் நேரம் அதன் நீளத்தைப் பொறுத்ததேயன்றி, அதில் கிடப்பவரின் எடையைப் பொறுத்ததன்று. ஒரு மீட்டர் நீளமுள்ள ஊசல் போய்த் திரும்ப ஏறத்தாழ 2 வினாடி ஆகிறது. நீளத்தை நான்கு மடங்காக்கினால் நேரம் இரண்டு மடங்கு, அதாவது 4 வினாடி ஆகிறது. பத்து நாள் சிசுவுக்கும் பத்து மாதக் குழந்தைக்கும் அதே உத்தரமும் அதே கயிறும் இருக்குமானால் தாளமும் மாறாது. மெல்லத் தள்ளினாலும் சிறிது பலமாகத் தள்ளினாலும் வீச்சுத்தான் கூடுமே தவிர, போய்வரும் நேரம் அநேகமாக அதுவே. ஒரு மீட்டரிலிருந்து இரண்டு மீட்டர் வரை நீளமுள்ள தூளிகள் இரண்டிலிருந்து மூன்று வினாடிக்குள் ஒரு முறை ஆடும். ஜெனீவாக் கட்டிலின் நான்கு வினாடி வேண்டுமென்றால் உயர்ந்த மரக்கிளையில் 4 மீட்டர் கயிற்றில் கட்ட வேண்டும். ஒரு நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, கைக்கடிகாரத்தோடு எண்ணிப் பார்த்தால் இதை யாரும் வீட்டிலேயே சோதித்துக்கொள்ளலாம். ஆகவே குழந்தை உறங்க மறுக்கும்போது வேகமாக ஆட்ட முயல்வது வீண். ஊசலின் இயல்புக்கு மாறாக அதை அவசரப்படுத்தினால் தாளம் கெட்டு உலுக்கலாகிவிடும், அது அபாயமும் ஆகும்.

இனி, பாயில் கிடத்தியவுடன் விழிப்பானேன் என்ற மற்றொரு கேள்விக்கு வருவோம். ஜப்பானின் ரிக்கென் ஆராய்ச்சி நிலையத்தில் குமி குரோடா என்ற அம்மையாரும் அவர் குழுவினரும், குழந்தையின் மார்பில் மின்வாய்களைப் பொருத்தி, ஒவ்வோர் இதயத்துடிப்பையும் அளந்துகொண்டே இதை ஆராய்ந்தனர். 2022-ல் வெளியான அந்த ஆய்வில் 21 குழந்தைகள் கலந்துகொண்டன. தாய் பிள்ளையை எடுத்துக்கொண்டு நடந்தபோதும், ஆடும் தொட்டிலில் இட்டபோதும் அழுகை தணிந்தது. தாய் வெறுமே உட்கார்ந்து வைத்திருந்தபோது அவ்வாறு தணியவில்லை. ஐந்து நிமிஷம் நிற்காமல் நடந்ததில், பட்டப்பகலிலேயே, அழுத குழந்தைகள் யாவும் அழுகையை நிறுத்தின. ஏறக்குறையப் பாதி உறங்கியும் போயின. ஆனால் கிடத்தியபோது, மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவை இருபது வினாடிக்குள் விழித்துக்கொண்டன.

அந்த விழிப்பு தொடங்கும் கணம் எது என்பதுதான் இதில் ருசிகரமான பகுதி. படுக்கை குளிர்ச்சியாக இருப்பதனாலோ கடினமாக இருப்பதனாலோ என்று நாமெல்லாம் எண்ணி, பாயின்மீது நாலு துணியை மடித்துப் போடுகிறோம். இதயத்துடிப்பின் பதிவேடோ வேறு சொல்கிறது: முதுகு படுக்கையைத் தொடும் நேரத்திலல்ல, தாயின் உடம்பிலிருந்து குழந்தையின் உடம்பு பிரியத் தொடங்கும் நேரத்திலேயே துடிப்பு மாறிவிடுகிறது. படுக்கை நிரபராதி. அதே பதிவேடு பரிகாரத்தையும் காட்டிற்று. கண்மூடியதும் அவசரப்பட்டுக் கிடத்தாமல், மேலும் ஐந்து முதல் எட்டு நிமிஷம் வரை உட்கார்ந்து மடியில் வைத்திருந்தால், நித்திரை முதற்படியைத் தாண்டி ஆழத்துக்குச் சென்றுவிடுகிறது. பிறகு கிடத்தினால் பெரும்பாலும் விழிப்பதில்லை. ஏலத்துக்கு நேரமாகிறதே என்று தவிக்கும் தாய்க்கு எட்டு நிமிஷம் ஒரு யுகமாகத் தோன்றலாம். ஆனால் விழித்துவிட்ட பிள்ளையை மறுபடி உறங்கவைக்க அதைப்போல் பல மடங்கு ஆகும் என்பதையும் அவர் அறிவார்.

எவ்வளவுதான் ஆட்டினாலும், உறங்கும் வேளை வராத குழந்தை உறங்காது. அந்த வேளை எப்படி வருகிறது என்பதை விளக்க, 1982-ல் ஸூரிக் நகரத்து அலெக்ஸாண்டர் போர்பெலி என்பவர் ஒரு சித்தாந்தத்தை முன்வைத்தார். அதைப் பழவேற்காட்டு ஏரியைக் கொண்டே சொல்லிவிடலாம். வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாறும் காளங்கியும் ஏரிக்குள் நீரைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. முகத்துவாரத்தை மணல் அடைத்திருக்கும்போது நீர்மட்டம் ஏறிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் மணலை உடைத்துக்கொண்டு கடலுக்குப் பாய்கிறது. விழித்திருக்கும் ஒவ்வொரு நாழிகையிலும் மூளையில் அடினோஸின் முதலான பொருள்கள் அப்படித்தான் சேர்கின்றன. இதைத் துயில்பாரம் எனலாம். உறக்கத்தில் அது வடிகிறது. ஆனால் ஏரிக்கு ஆற்றுநீர் மட்டுமா கணக்கு? கடலின் ஏற்றவற்றமும் உண்டு. அதுபோல, ஏறத்தாழ இருபத்துநான்கு மணிக்கு ஒரு சுற்றாக, உறக்கத்துக்குச் சாதகமாகவும் பாதகமாகவும் மாறிமாறி ஓடும் ஓர் உள்கடிகாரம் மூளையில் இருக்கிறது. பாரமும் ஏறி, கடிகாரமும் இசையும்போது தூக்கம் கண்ணைக் கட்டுகிறது.

பெரியவர்களின் ஏரி பெரிது. பாரம் நிறையப் பதினாறு மணி நேரம் பிடிக்கிறது. பச்சிளங்குழந்தையின் ஏரியோ ஒரு குட்டை. ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் விழித்திருந்தாலே நிரம்பி வழிகிறது. கண்ணைக் கசக்குவதும், கொட்டாவி விடுவதும், முகத்தைத் திருப்பிக்கொள்வதும் அதற்கு அடையாளம். அப்போதே தூளியில் இடுவது, அழுது களைத்தபின் இடுவதைவிடச் சுலபம். பச்சிளங்குழந்தைக்கு உள்கடிகாரமும் இன்னும் ஓடத் தொடங்கியிருக்காது. கருவில் இருந்தவரை தாயின் மெலடோனின், அதாவது இருள் வந்ததை உடலுக்கு அறிவிக்கும் சுரப்பு, தொப்புள்கொடி வழியே வந்துகொண்டிருந்தது. பிறந்ததும் அந்தத் தபால் நின்றுவிடுகிறது. குழந்தை தானே அதை இரவுதோறும் ஒழுங்காகச் சுரக்க இரண்டு மூன்று மாதமாகிறது. இடைப்பட்ட காலத்தில் ஒரு சிறு உதவி தாய்ப்பாலில் வருகிறது. பகற்பாலில் காண்பதற்கரிய மெலடோனின், இரவுப்பாலில் இருக்கிறது. மீனின் செவிக்கல்லை மெல்லியதாகத் தேய்த்து நுண்பெருக்கியில் பார்த்தால், மரத்தின் வளையம்போல நாளுக்கொரு வளையம் தெரியும் என்பதை 1971-ல் பனெல்லா என்பவர் எடுத்துக்காட்டினார். கத்தாழைக் குஞ்சின் கல்லில் எழுதப்படும் நாட்கணக்கு, மனிதக் குழந்தையின் உடம்பில் எழுதப்படப் பல வாரம் பிடிக்கிறது! அதை விரைவுபடுத்த வெளிச்சம் உதவும். பகலில் பிள்ளையை இருண்ட அறையிலேயே வைத்திராமல் திண்ணை வெளிச்சத்தில் கிடத்துவதும், இரவில் பால் கொடுக்கும்போது விளக்கைப் பெரிதாக ஏற்றாமலும் கொஞ்சிப் பேசாமலும் காரியத்தை முடிப்பதும் போதும். இரவெல்லாம் இறால் வலைக்குப் போய்த் திரும்பும் ஆண்கள் உள்ள வீட்டில் இது எளிதல்லதான். விளக்கைக் குழந்தையின் கண்ணுக்கு மறைவாக வைப்பதாவது கூடும்.

உறங்கும் குழந்தை நடுவில் சிரிக்கும், முகஞ்சுளிக்கும், கைகாலை உதறும், முனகும். “நரி விளையாட்டுக் காட்டுது” என்பார்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். இந்த நரியை விஞ்ஞானத்துக்குள் கொண்டுவந்தவர், சிகாகோவில் உறங்கும் குழந்தைகளின் இமைகளை மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்த யூஜீன் அஸரின்ஸ்கி என்ற மாணவர். மூடிய இமைக்குள் விழிகள் ஒரு நேரம் துள்ளுவதும் ஒரு நேரம் அடங்குவதும் அவரைச் சிந்திக்க வைத்தன. 1953-ல் அவரும் அவருடைய ஆசிரியர் கிளைட்மனும் வெளியிட்ட கட்டுரையிலிருந்தே, உறக்கம் ஒன்றல்ல, இரண்டு என்ற அறிவு பரவிற்று. ஒன்றைச் சலன நித்திரை என்றும் மற்றதை அமைதி நித்திரை என்றும் சொல்வோம். ஏரியில் இன்ன நாளில் இன்னாருக்கு வலைகட்டும் உரிமை என்று முறைவைத்துக்கொள்ளும் ‘பாடு’ வழக்கம்போல, இவ்விரண்டும் முறைபோட்டு வருகின்றன. குழந்தைக்கு ஒரு சுற்று 50, 60 நிமிஷந்தான், அதில் பாதி சலன நித்திரை. ஆகவே முனகல் கேட்டவுடன் ஓடிப்போய்த் தூக்கினால், உறங்கிக்கொண்டிருந்த பிள்ளையை நாமே எழுப்பியதாகும். ஒரு நிமிஷம் பொறுத்திருந்து, அது அழுகையாக முற்றுகிறதா, அடுத்த சுற்றுக்குள் அடங்குகிறதா என்று பார்ப்பது நல்லது.

ஓசையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தால் என்றால் நாக்கு; நாவை ஆட்டிப் பாடுவதால் தாலாட்டு. பொருளறியாத அந்நிய மொழித் தாலாட்டைக் கேட்டபோதும் குழந்தைகளின் இதயத்துடிப்பு தணிந்ததை ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2021-ல் அறிவித்தார்கள். ராகம் தெரியாதவர்களுக்கும் வழியுண்டு: 1990-ல் இங்கிலாந்தில், பிறந்து சில நாளேயான 40 குழந்தைகளில் பாதிப் பேருக்கு மழையிரைச்சல் போன்ற சீரான ஓசையைக் கேட்கச் செய்தபோது, 20-ல் 16 குழந்தைகள் ஐந்து நிமிஷத்துக்குள் உறங்கின, ஓசையில்லாத 20-ல் 5 மட்டுமே. லைட்ஹவுஸ் குப்பத்தில் இதைக் கடலே செய்துவிடுகிறது. இதற்கென இப்போது விற்கும் கருவிகளை வாங்குவோர், அவற்றைக் காதருகே உரக்க ஒலிக்கவிடாதிருக்க வேண்டும்.

தூளியின் புகழைப் பாடியவன் அதன் குற்றத்தையும் சொல்லக் கடமைப்பட்டவன். துணி குழிந்து தொங்கும்போது பச்சிளங்குழந்தையின் மோவாய் மார்பில் முட்டி மடியக்கூடும். தலையைத் தானே நிமிர்த்த வலுவில்லாத வயதில் அது மூச்சுக்குழலை நெருக்கும். இரு பக்கத் துணியும் நெருங்காதபடி குறுக்கே கட்டை வைத்து விரிப்பது இதற்காகத்தான். உறக்கம் ஆழ்ந்தபின், மேற்சொன்ன எட்டு நிமிஷக் கணக்கை மனத்திற்கொண்டு, விறைப்பான பாயில், தலையணையின்றி, மல்லாக்கக் கிடத்திவிடுவதே வைத்தியர்கள் விரும்பும் முறை. குப்புறக் கிடத்தாதீர்கள் என்று 1991-ல் பிரிட்டனில் பிரசாரம் செய்தபின், தூக்கத்திலேயே நேர்ந்த காரணமறியாச் சிசுமரணங்கள் ஓரிரு வருஷங்களில் பாதியளவுக்குக் குறைந்துவிட்டன. தூளி தரைக்கு அருகே தாழ்ந்து தொங்க வேண்டும்; மூத்த பிள்ளைகள் அதை ஊஞ்சலாக்கிக் கழுத்தைச் சுற்றிக்கொள்ளாமல், குழந்தை இல்லாத வேளைகளில் சேலையைச் சுருட்டி மேலே செருகிவிட வேண்டும்.

வலைக்குப் போகுமுன் ஒவ்வொரு முடிச்சையும் விரலால் தடவிப் பார்க்கும் வழக்கம் குப்பத்து ஆண்களுக்கு உண்டு. உப்புக்காற்றில் நூலும் துணியும் எவ்வளவு விரைவில் நைந்துபோகும் என்பது அவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த விரல்கள், கடலுக்குப் புறப்படுவதற்கு முன் உத்தரத்திலுள்ள தூளியின் முடிச்சையும் ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டுப் போகட்டும்.